துறைவாரியாகச் செத்தவர்கள்

அவர் செத்துப்போனார் என்றுதான் எழுதுவேன். காலமானார், மறைந்தார், அமரரானார், இயற்கை எய்தினார் எல்லாம் எனக்கும் பிழையில்லாமல் எழுத வரும். படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அவர் சொல்லச் சொல்ல அந்தச் சொற்களை வருஷா வருஷம் பெரிய தாளில் எழுதிக் கொடுத்தவள் நான். யாருக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அவருக்கு இந்தச் சொல் பொருந்தும்.

அறுபதுகளின் நடுவில் இருக்கும். தாராவியில் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி அறையைப் படிப்பகமாக வைத்திருந்தார்கள். ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஊரிலிருந்து மூன்று நாள் பழசாகி வந்து சேரும் பேப்பர். அதற்கு அவர் செயலாளர். ஃபோர்ட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் தபால் பிரித்து அடுக்குவதுதான் அவர் வேலை. ஆனால் வரிசைக்குள் நுழையும்போது நாட்டையே தோளில் சுமந்து வருகிறவர் மாதிரி வருவார். சலவைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று கறுப்பு மை, ஒன்று சிவப்பு மை. கறுப்பு எதற்கு என்று கேட்டால் உயிரோடு இருக்கிறவர்களுக்கு என்பார். சிவப்பு, செத்தவர்களுக்கு. சிவப்பு மைதான் சீக்கிரம் தீரும்.

டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவருடைய திருவிழா. அந்த வருஷம் செத்துப்போன பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஒரே நாளில் அஞ்சலிக் கூட்டம். சும்மா இல்லை, துறைவாரியாக. அரசியல் துறை, இலக்கியத் துறை, இசைத் துறை, விஞ்ஞானத் துறை, விளையாட்டுத் துறை என்று தாளில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு இரண்டு மூன்று பேர். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வருஷம் முழுக்க இதற்குத்தான் பேப்பர் படிப்பார். யார் ஜெயித்தான், அரிசி என்ன விலை என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. சாவுச் செய்தியைக் கத்தரித்து டால்டா டப்பாவில் போட்டுவைப்பார். நவம்பர் பிறந்ததும் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார். ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்காரரிடம் அவர் சொன்னதை அடுப்படியில் இருந்து என் காதால் கேட்டேன்.

“இந்த வருசம் மோசம்வே. இலக்கியத்துல ரெண்டே பேரு. விஞ்ஞானத்துல ஒரு வெள்ளைக்காரன். அவம் பேரு வாயில நுழைய மாட்டேங்கு. விளையாட்டுல ஒரு பய விழல.”

“அது நல்லதுதான அண்ணாச்சி” என்றார் என் வீட்டுக்காரர்.

“என்ன நல்லது? கட்டம் காலியா கெடக்கே!”

மழை பெய்யவில்லை என்று வயலைப் பார்த்துக் கவலைப்படுகிற முகம் அது.

நாடே அழுத வருஷம் ஒன்று வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பெரிய தலைவர் போன வருஷம். கடை அடைத்தார்கள், மில் அடைத்தார்கள், எங்கள் வரிசையில் அடுப்பு மூட்டாத வீடுகூட உண்டு. அவர் மட்டும் எரிச்சலாகவே திரிந்தார். மூலைக்கு மூலை கூட்டம் போட்டுவிட்டார்களாம். தான் டிசம்பரில் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையாம். அவருக்கு, தான் சொல்லித்தான் ஒருவர் செத்தது ஊருக்குத் தெரிய வேண்டும்.

சொல்லில் அவர் கறாரானவர். தலைவர்கள் அமரராவார்கள். புலவர்கள் மறைவார்கள். பாட்டு, நாடகக்காரர்கள் காலமாவார்கள். விஞ்ஞானிகள் இயற்கை எய்துவார்கள். விளையாட்டுக்காரர்கள் வெறுமனே இறப்பார்கள். ஒருமுறை நான் ஒரு பாட்டுக்காரருக்கு அமரர் என்று எழுதிவிட்டேன். தாளைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து எழுத வைத்தார். “அதுக்குன்னு ஒரு தராதரம் இருக்கும்மா” என்றார்.

எங்கள் வரிசை ஆட்களுக்கு இந்தச் சொற்களில் எதுவும் கிடையாது. தோல் பதனிடும் கிட்டங்கியில் வேலை பார்த்த ஒருவர் சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக மயங்கி விழுந்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். இருபது வருஷமாக வரிசையில் யார் வீட்டில் சாவு என்றாலும் மூங்கில் வாங்கிவந்து பாடை கட்டுகிறவர் அவர். வீட்டுக்கு முன் கூடி நின்றபோது யாரோ செயலாளரிடம், படிப்பகத்துப் பலகையில் இரண்டு வரி எழுதிப் போடச் சொன்னார்கள். இவர் சிவப்புப் பேனாவை எடுக்கவேயில்லை.

“எழுதலாம். எந்தத் துறைன்னு போட?”

அங்கே செல்லத்தாயி மதினி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அடுத்த வீடு. வாய்க்கு வேலி கிடையாது அவளுக்கு. “வண்ணாந்துறைன்னு போடுங்க அண்ணாச்சி. அங்கனதான எல்லா அழுக்கும் வெளுக்கும்” என்றாள். பிணம் கிடக்கிற வீட்டில் சிரிக்கக் கூடாது என்று நாங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம். அவருக்குக் கிண்டல் புரியவில்லை. “அப்படி ஒரு துறை கெடையாதும்மா” என்று விளக்கம் சொன்னார்.

அவருக்கு மனைவி உண்டு. பேசாத மனுஷி. ஒரே ஒரு தடவை என்னிடம் வாய் திறந்தாள். “எங்க வீட்டு ஆளுக்கு உசுரோட இருக்கிறவியளப் பாத்தா கண்ணு தெரியாது” என்றாள். மேலே சொல்ல என்ன இருக்கிறது?

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவரிடம் சொன்னது என் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து டிசம்பர் வந்தால் தாளும் மையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். நான் தரையில் உட்கார்ந்து எழுதுவேன். அவர் வாசல்படிக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு சொல்வார். பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் என்று ஒரு பாடம் உண்டே, அதே மாதிரி. நான் அவரை நிமிர்ந்து பார்த்தது இல்லை. வெளி ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழும்பாது. அவருக்கும் அது வசதியாக இருந்தது. என் பெயர் என்ன என்று கடைசிவரை அவர் கேட்டதில்லை.

விளையாட்டுக் கட்டம் காலியாகக் கிடந்த அந்த வருஷம் எங்களுக்கு வேறு கவலை. வரிசைக்குக் குழாய் கிடையாது. பெரிய ரோட்டைத் தாண்டி, கிட்டங்கிப் பக்கத்துக் குழாயில்தான் தண்ணீர் பிடித்துவர வேண்டும். செல்லத்தாயி மதினி இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக ரோட்டைத் தாண்டும்போது லாரிக்காரன் ஹாரன் அடித்ததில் வழுக்கி விழுந்தாள். ஏழு மாதம் அவளுக்கு. பிள்ளை தங்கவில்லை. ஒரு மாதம் படுத்தே கிடந்தாள். அதன் பிறகு பெண்களெல்லாம் சேர்ந்து, நம் வரிசைக்கு ஒரு குழாய் வந்தே தீர வேண்டும் என்று மனு எழுதினோம். எழுதியது நான். வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கியது மதினி. படிப்பகத்துச் செயலாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். இவர் கறுப்புப் பேனாவால் போட்டுக் கொடுத்தார். மனு செம்பூர்ப் பக்கம் வீடு இருந்த ஒரு பெரிய மனிதரிடம் போயிற்று. பழைய மல்யுத்தக்காரர், இப்போது முனிசிபாலிட்டி உறுப்பினர். எல்லோரும் பைல்வான் என்றே சொல்வார்கள். அவர் வார்த்தை சொன்னால் குழாய் வரும் என்று பேச்சு.

மனு கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செயலாளர் வேகு வேகென்று எங்கள் வாசலுக்கு வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

“விளையாட்டுத் துறை கெடச்சிட்டும்மா! எழுது. மல்யுத்தச் சிங்கம்…” என்று சொல்லி, பைல்வான் பெயரைச் சொன்னார்.

என் கை நின்றுவிட்டது. அவர் இறந்துவிட்டார் என்றால் குழாய்?

“என்ன நிக்கி? எழுதும்மா. ம, ல், யு, த், த. இறந்தார்னு போடாத. பதவியில இருந்தவரு. அமரரானார்னு போடு.”

நாக்கா என்கிற தெருமுனைச் சந்திப்பில் ஒரு கறும்பலகை இருந்தது. மராத்திக்காரர்கள் யாருக்குப் பாராட்டு, யாருக்கு இரங்கல் என்று கலர் சாக்கட்டியில் எழுதி, சுற்றிலும் பூமாலை மாதிரி வரைந்துவைப்பார்கள். அதில் பார்த்தாராம். தனக்கு ஏழு பாஷை வாசிக்கத் தெரியும் என்று அவர் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆகவே எழுதினேன்.

சாயங்காலம் மதினியிடம் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நம்ம பைப்பும் போச்சாட்டி?” என்றாள். செய்தி வரிசை முழுக்கப் பரவிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவருடைய கூட்டத்துக்குப் பெண்கள் போனதே இல்லை. அன்று எல்லோரும் போனோம். பழைய தேர்தல் நோட்டீசிலிருந்து வெட்டிய பைல்வான் படத்துக்கு மாலை போட்டு, வாசலில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார். அரசியல், இலக்கியம், இசை, விஞ்ஞானம் என்று வரிசையாகப் பேசினார். எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். ஈடு செய்ய முடியாத இழப்பு, வானில் ஒரு விண்மீன் உதிர்ந்தது. பெயர்தான் மாறும். பைல்வானுக்கு வந்ததும் பெண்கள் பக்கம் ஓலம் எழுந்தது. மதினி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். “எப்பா, எங்களத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியேப்பா!” குழாய்க்காக அழுதோம். அவரோ தன் பேச்சுக்குத்தான் அழுகிறோம் என்று நினைத்து, இன்னும் கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்து உட்காரும்போது கண்ணைத் துடைத்தபடி, யார் யார் அழுகிறார்கள் என்று பார்வையிட்டார்.

மறுநாள் காலை மராத்திக்காரர் ஒருவர் சைக்கிளில் போகிறவர், வாசலில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார். படத்தைப் பிடுங்கினார். கன்னாபின்னாவென்று கத்தினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பைல்வான் சாகவில்லை. தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாக்காப் பலகையில் எழுதியிருந்தது அந்தப் பாராட்டு. தேர்ந்தெடுப்பதற்கு மராத்தியில் ‘நிவட்’ என்று சொல்வார்கள். சாவுக்கு ‘நிதன்’. நம் ஆள் முதல் எழுத்தைப் படித்தார், மாலையைப் பார்த்தார், மிச்சத்தைக் காலிக் கட்டம் படித்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் செம்பூரிலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் வரிசைக்குக் குழாயா? செத்தவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?

பெண்களெல்லாம் படிப்பகத்தின் முன்னால் திரண்டோம். மதினிதான் முதலில் கேட்டாள். “என்ன அண்ணாச்சி இது? உசுரோட இருக்கிற ஆளுக்கு மாலையா போடுவாவ?”

அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. தாளைச் சுட்டிக்காட்டினார்.

“நான் பாராட்டுத்தாம்மா சொன்னேன். எழுதுன பொண்ணு மாத்தி எழுதிட்டு. அஞ்சாங்கிளாஸ் படிப்பு, என்ன செய்ய? நான்தான் பாத்து எழுத வச்சிருக்கணும்.”

அதையும் பெருந்தன்மை மாதிரிச் சொன்னார். மேடையில் கால் மணி நேரம் ஒப்பாரி வைத்த அதே வாய். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்ற இடத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர், “அவ அப்படியெல்லாம் எழுத மாட்டாளே” என்று மெல்லச் சொன்னார். அவரும் வாய்ப்பேச்சு இல்லாத மனிதர்.

செயலாளரே வழியும் சொன்னார். எழுதியவள் நேரில் போய்ப் பைல்வான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தான் கூட வந்து எடுத்துச் சொல்லுவாராம். மதினிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவ எதுக்கு விழணும்?” என்றாள். நான் அவள் கையைப் பிடித்தேன். “போயிட்டு வாறேன் மதினி. பைப்பு வரட்டும்” என்றேன். அவளுடைய அந்த ஒரு மாதப் படுக்கையை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள்.

பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். “நீ தலையக் குனிஞ்சிட்டு நில்லு. வாயத் தொறக்காத. பேச்ச எங்கிட்ட விடு.”

பைல்வான் வீட்டு முற்றத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் பலகையில் உட்கார்ந்து தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மலை மாதிரி உடம்பு. எங்களைப் பார்த்ததும், “யார் இதை எழுதியது?” என்று மராத்தியில் கேட்டார்.

நம் ஆள் கும்பிட்டார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழில் ஆரம்பித்தார். நடுநடுவே ‘சாகேப்’, ‘ஆப் மகான்’ என்று இந்தி. கேட்ட கேள்வி ஒன்று, சொன்ன பதில் ஒன்று. அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. இந்த மனுஷனுக்கு மராத்தி வாசிக்க மட்டும் இல்லை, கேட்டால்கூடப் புரியாது.

எனக்குப் புரியும். பருப்புக் கிட்டங்கியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வருஷமாகப் புடைத்தவள் ஒரு மராத்திக்காரி. நாள் முழுக்க அவள் பேசுவாள், நான் கேட்பேன். கேட்டுக் கேட்டு எழுத்துத் தெரியாமலே பேச்சு வந்துவிட்டது. செயலாளருக்கு இது தெரியாது. அவர் என்னிடம் எதைக் கேட்டிருக்கிறார், தெரிந்துகொள்ள?

பைல்வான் பொறுமை இழந்து என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லம்மா. இந்த ஆள் என்ன சொல்கிறான்?”

நான் தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்தே மராத்தியில் சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இவருக்கு மராத்தி வாசிக்கத் தெரியாது என்கிறார். பலகையில் ‘நிவட்’ என்று இருந்ததை ‘நிதன்’ என்று வாசித்துவிட்டாராம். இவர் சொன்னார், நான் எழுதினேன். விளையாட்டுத் துறைக்கு யாரும் சாகாமல் கட்டம் காலியாக இருந்ததாம்.”

பைல்வான் அவரைப் பார்த்து, நிஜமா என்று கேட்டார்.

நம் ஆளுக்கு என்ன புரிந்ததோ. நெஞ்சில் கை வைத்து, மெல்லக் கண்ணை மூடித் திறந்து, “ஹோ, ஹோ” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மராத்தி அது. ஆமாம், ஆமாம்.

பைல்வான் சிரித்தார். எண்ணெய் தடவிய வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நம் ஆளும் சேர்ந்து சிரித்தார்.

“கூட்டத்தில் யாராவது அழுதார்களா?” என்று என்னைக் கேட்டார் பைல்வான்.

“பெண்களெல்லாம் அழுதோம்” என்றேன். “குழாய் போய்விட்டதே என்று.” அதோடு மதினி விழுந்ததையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அந்நிய ஆணிடம் வாழ்க்கையிலேயே அத்தனை வார்த்தை அதற்கு முன் பேசியதில்லை.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மனுவைக் கொண்டுவரச் சொன்னார். கையில் இருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் செயலாளர் ஜன்னலோரமாக, சட்டைக் காலரைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். “பாத்தியாம்மா, எம் பேச்சு எப்படி வேல செஞ்சிருக்கு. மனுசன் சிரிச்சிட்டே கையெழுத்துப் போட்டான். நடுவுல நீ என்னமோ முணுமுணுத்தியே, மன்னிப்புத்தான கேட்ட?”

“ஆமா” என்றேன்.

அன்று சாயங்காலமே மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் இடுப்பு வலி திரும்பவும் வந்துவிட்டது. ஆனால் வெளியே விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அந்த ஆள் வெட்கப்பட்டுவிடுவாரே என்று இல்லை. அவருக்கு ஏது வெட்கம்? கோபத்தில் மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று கிளம்பிவிடுவார். மனுவில் இருப்பது அவர் கையெழுத்து. குழாய் நட்டுத் தண்ணீர் வரும்வரை எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்று மாதம் கழித்துக் குழாய் நட்டார்கள். திறக்கிற அன்று அவர் சலவைச் சட்டையோடு குழாய்க்கு முன்னால் நின்று பேச ஆரம்பித்துவிட்டார். நாங்கள் குடங்களோடு வரிசையில் நின்றோம். முனிசிபாலிட்டிக்காரர் ரோட்டோரக் குழியில் இறங்கி வால்வைத் திருகிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு சொட்டு வரவில்லை.

தான் செம்பூருக்குப் போனதையும், தன் சொல்லைக் கேட்டு ஒரு சிங்கம் உருகியதையும் சொன்னார். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். “அறியாமையால் எழுத்துப் பிழை செய்த அந்தச் சகோதரியை அன்னிக்கே அவரு மன்னிச்சிட்டாரு. நாமளும் மன்னிப்போம்.”

ஆண்கள் கை தட்டினார்கள். மதினி என் விலாவில் இடித்தாள். “சொல்லிருட்டி. இப்பயாவது சொல்லிரு. இல்லன்னா நான் சொல்லிருவேன்.”

நான் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வு திருகுகிற ஆள் சத்தம் கேட்டுத் தலையை வெளியே நீட்டினார். சண்டை என்று தெரிந்தால் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். “தண்ணி வரட்டும் மதினி” என்றேன்.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு தெளிந்து, தடியாக விழுந்தது. அவர் ஈடு இணையற்ற என்று ஏதோ ஆரம்பித்தார். சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை. அவருடைய வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மதினி முதல் ஆளாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். “குடம் வைக்கணும்.”

அவர் தள்ளி நின்றார்.